திகில் படத்தை ஆய்வு செய்வது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

திகில் படங்களை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்வது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துவிட்டோம். படங்களின் முடிவுகளை மறைக்காமல் பேசியிருக்கிறோம். பார்க்காதவர்கள் அந்தந்தப் பதிலைத் தாண்டிப் போகலாம்.

‘நவீன திகில் படங்களில் சமூக அச்சம்’ என்று ஆய்வுத் தலைப்பு கொடுத்தேன். ‘இது கடல், குளமாக்கிக்கொண்டு வா’ என்று நெறியாளர் திருப்பிவிட்டார். எங்கே வெட்டுவது?
முதுகலை மாணவி, திருநெல்வேலி

தலைப்பின் அகலத்தைவிட, அதற்குள் இருக்கும் ஊகம்தான் பெரிய சிக்கல். சமூகம் எதற்கு அஞ்சுகிறதோ அதைப் படம் காட்டும் என்பது நீங்கள் நிரூபிக்க வேண்டிய விஷயம். அதையே அடித்தளமாக வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறீர்கள்.

இந்தத் துறையின் பழைய நோய் இது. முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஜெர்மன் படங்களில், ஹிட்லருக்கு வழிவிட்ட மனநிலையைத் தேடி திரை விமர்சகர் ஸீக்ஃப்ரீட் க்ராகவர் 1947இல் ஒரு நூல் எழுதினார். கூர்மையான வாசிப்புதான். ஆனால் நடந்து முடிந்ததைத் தெரிந்துகொண்டு பின்னோக்கிப் பார்த்தால் எல்லாமே முன்னறிவிப்பாகத்தானே தெரியும்? அந்த விமர்சனம் இன்றுவரை அந்த நூலை விடவில்லை.

திரை விமர்சகர் ராபின் வுட் 1979இல் டொரொண்டோ திரைப்பட விழாவையொட்டி அமெரிக்கத் திகில் படங்களைப் பற்றி எழுதியது இதைவிடப் பயன்படும். ஒரு சமூகம் எதை அமுக்கி வைக்கிறதோ அது அரக்கனாகத் திரும்பி வருகிறது என்பது அவர் வாதம். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டிடமிருந்து எடுத்த கருத்து. அதை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். ஆனால் அவர் கேட்கச் சொன்ன மூன்று கேள்விகள் எந்தப் படத்துக்கும் உதவும்: இந்தப் படத்தில் ‘இயல்பு’ என்று காட்டப்படுவது எது? அதைத் தாக்க வருவது எது? இரண்டுக்கும் என்ன உறவு? மூன்றாவது கேள்வியைத்தான் மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள். அரக்கன் எதன் குறியீடு என்று கண்டுபிடித்ததும் பேனாவை மூடிவிடுகிறார்கள்.

ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ (1968) படத்தை எடுத்துக்கொள்வோம். பிணங்கள் எழுந்து வருகின்றன, ஒரு பண்ணை வீட்டில் சிலர் அடைபடுகிறார்கள், கறுப்பின நாயகன் பென் மட்டும் இரவைத் தாண்டுகிறான். விடிந்ததும் அவனைப் பிணம் என்று நினைத்துத் தேடல் குழு சுட்டுவிடுகிறது. ‘இது இனவெறி பற்றிய படம்’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் உடனே கேள்வி வரும். அந்தப் பாத்திரம் கறுப்பினத்தவருக்கென்று எழுதப்பட்டதல்ல. தேர்வுக்கு வந்தவர்களில் டுவேன் ஜோன்ஸ்தான் சிறந்தவர், அதனால் எடுத்தோம் என்று ரொமேரோ பலமுறை சொல்லியிருக்கிறார். வியட்நாம் செய்திப்படம் போல் இருக்கிறது என்பதும் அடிக்கடி வரும் வாதம். ஆனால் கறுப்பு வெள்ளையில் எடுத்ததற்குக் கையில் இருந்த பணமும் ஒரு காரணம். மொத்தச் செலவே சுமார் 1,14,000 டாலர். அவர்கள் பிட்ஸ்பர்கில் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த குழு.

அப்படியானால் இனவெறி வாசிப்பு தவறா? இல்லை. ஆதாரத்தை வேறிடத்தில் தேட வேண்டும். கடைசிக் காட்சியைப் பாருங்கள். பென் விழுந்ததும் படம் அசைவை நிறுத்திவிடுகிறது. புள்ளி புள்ளியான நிழற்படங்கள் வருகின்றன, கொக்கிகள், சடலத்தைத் தூக்கிச் செல்லும் வெள்ளை ஆட்கள், தீ. கூட்டம் சேர்ந்து கறுப்பின மக்களைக் கொன்றுவிட்டு எடுத்துக்கொண்ட பழைய நிழற்படங்களின் சாயல் அதில் அப்படியே இருக்கிறது. நடிகர் தேர்வு தற்செயலாக இருக்கலாம். அசைவை நிறுத்தியது தற்செயல் அல்ல, அது எடிட்டிங் மேசையில் எடுத்த முடிவு. படம் 1968 அக்டோபரில் வெளியாகிறது. அந்த ஏப்ரலில்தான் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். பார்க்க வந்தவர்கள் எதை மனத்தில் வைத்துக்கொண்டு வந்திருப்பார்கள் என்று கேட்கும்போது இந்தத் தேதிகள் பயன்படும். இயக்குநர் என்ன நினைத்தார் என்பதற்கு அவை ஆதாரமாகாது, ஏனென்றால் அதற்குள் படம் எடுத்து முடிந்துவிட்டது.

ஆக, ஒவ்வொரு கூற்றையும் எழுதும்போது அது எந்த வகை என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: எடுத்தவர் நோக்கம், திரையில் இருப்பது, பார்த்தவர் எடுத்துக்கொண்டது. நோக்கத்துக்குப் பேட்டிகளும் திரைக்கதைப் படிகளும் வேண்டும். திரைக்கு ஷாட் ஆதாரம், பார்வையாளருக்கு அந்தக் காலத்து விமர்சனம், விளம்பரம், கடிதம். ஒன்றின் ஆதாரத்தை இன்னொன்றுக்குக் கொடுக்கும் இடத்தில்தான் ஆய்வேடுகள் சரிகின்றன.

தலைப்பைச் சுருக்க ஒரு வழி: நான்கு முதல் ஆறு படம், பத்தாண்டுக்கு மேல் போகாத காலம், எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வரும் ஒரே ஒரு கூறு. பூட்டிய அறை, போலீஸ் வந்து சேரும் நேரம், பேயின் முன்கதையை யார் சொல்கிறார்கள் என்பது, இப்படி ஏதாவது. உங்கள் வாதத்துக்கு ஒத்துவராத ஒரு படத்தையாவது வேண்டுமென்றே சேர்த்துக்கொள்ளுங்கள். வாய்மொழித் தேர்வில் அதுதான் காப்பாற்றும்.

ஒரு காட்சியை ஷாட் ஷாட்டாக ஆராய வேண்டும் என்கிறார்கள். கையில் கணினி, படத்தின் டிவிடி இரண்டும் உண்டு. எங்கிருந்து ஆரம்பிப்பது?
காட்சித் தொடர்பியல் மாணவர், கோவை

மூன்று முதல் ஐந்து நிமிடக் காட்சி ஒன்று போதும். முதலில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். அடுத்து திரையை மறைத்துவிட்டுக் கேளுங்கள். இந்த இரண்டையும் செய்தாலே, பயத்தில் எத்தனை பங்கு காதால் வருகிறது என்று புரிந்துவிடும். பிறகு விரிதாளைத் திறந்து ஒரு ஷாட்டுக்கு ஒரு வரிசை போடுங்கள். ஷாட் எண், தொடங்கும் நேரம், நீளம், தூரம் (க்ளோஸ்-அப், மிட், லாங்), கேமரா நகர்வு, யாருடைய பார்வை, கேட்கும் ஒலி ஆகியவற்றுக்கு ஒவ்வொரு பத்தி. கடைசிப் பத்தி திகில் படத்துக்கே உரியது: சட்டகத்துக்கு வெளியே என்ன இருக்கிறது என்று நம்பவைக்கப்படுகிறோம்? விஎல்சி பிளேயரில் ஆங்கில ‘ஈ’ விசையை அழுத்தினால் படம் ஒவ்வொரு சட்டகமாக (ஃப்ரேமாக) நகரும். வெட்டு விழும் இடத்தை அப்படித்தான் பிடிக்க வேண்டும், கண்ணால் மட்டும் பிடிக்க முடியாது.

சராசரி ஷாட் நீளம் என்பது மொத்த வினாடியை ஷாட் எண்ணிக்கையால் வகுப்பது. 3 நிமிடம் 12 வினாடிக் காட்சியில் 48 ஷாட் இருந்தால் 4 வினாடி. இந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள். அதே காட்சியில் ஒரே ஒரு 60 வினாடி ஷாட் இருந்தால் மற்ற 47 ஷாட்டுகளின் சராசரி 2.8 வினாடிதான். நிதானமான காட்சி என்று நீங்கள் எழுதியது உண்மையில் படபடவென்று வெட்டிய காட்சியாக இருக்கும். நடுமதிப்பையும் (நீளங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்) சேர்த்துக் கொடுங்கள்.

எண்ணிக்கை எங்கே ஆரம்பிக்கிறது என்றும் எழுதிவையுங்கள். ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) குளியலறைக் கொலைக்கு 78 கேமரா அமைப்புகள், 52 வெட்டுகள் என்று எல்லோரும் சொல்வார்கள். கொல்லப்படும் மேரியன் குளிக்க உள்ளே வருவதிலிருந்து எண்ணுவதா, குளியலறைத் திரைச்சீலை விலகுவதிலிருந்து எண்ணுவதா என்று தீர்மானிக்காமல் நீங்கள் எண்ணினால் வேறு தொகை வரும், சண்டையும் வரும்.

டிவிடியில் இன்னொரு பொறி உண்டு. வினாடிக்கு 24 சட்டகத்தில் எடுத்த படத்தை, பால் (PAL) எனும் ஐரோப்பியத் தொலைக்காட்சி முறைக்கான வட்டுகளில் 25 சட்டகமாக ஓட்டுவார்கள். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். திருத்தம் செய்யாவிட்டால் இசையின் சுதியும் கொஞ்சம் ஏறிவிடும். ஒரு படத்தை அந்த வட்டிலும் இன்னொன்றை ப்ளூ-ரேயிலும் பார்த்து ஷாட் நீளத்தை ஒப்பிட்டால் 4 சதவீதப் பிழை முதலிலேயே உள்ளே வந்துவிடும்.

‘ஃபைனல் கேர்ள்’ என்கிறார்களே, கடைசியில் தப்பிக்கும் பெண். இது பெண்ணியப் பாத்திரம்தானே?
கல்லூரி ஆசிரியை, மதுரை

அந்தப் பெயரை வைத்த கேரல் க்ளோவர் அப்படிச் சொல்லவில்லை. அவரைப் படிக்காமல் அவர் பெயரைச் சொல்பவர்கள்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

க்ளோவர் அடிப்படையில் பழைய ஸ்காண்டிநேவிய இலக்கியம் படித்தவர். ஒரே கதையைப் பலர் பலவிதமாகச் சொல்லும் மரபில் பழகியவர். அதனால்தான் விமர்சகர்கள் குப்பை என்று ஒதுக்கிய ஸ்லாஷர் படங்களில் ஒரு வாய்பாட்டைக் கண்டார். 1987இல் கட்டுரையாகவும் 1992இல் நூலாகவும் வந்தது. முகமூடிக் கொலைகாரன் ஒவ்வொருவராகக் கொல்கிறான். தோழிகளைவிடக் கவனமான, பெரும்பாலும் காதலன் இல்லாத, பல சமயம் ஆண்பெயர் போன்ற பெயர் கொண்ட ஒருத்தி மட்டும் மிஞ்சுகிறாள். இந்தப் படங்களைப் பார்க்க வருபவர்களில் பதின்பருவ ஆண்களே அதிகம் என்பது க்ளோவரின் தொடக்கப் புள்ளி. அந்தப் பையன் தான் அஞ்சுவதை, அலறுவதை, அழுவதை ஒரு பெண்ணின் உடலில் பாதுகாப்பாக வைத்து அனுபவிக்கிறான் என்பது அவர் வாதம். ஆக அவள் அந்தப் பையனின் பதிலாள். அவளைப் பெண்ணிய வெற்றியாகக் கொண்டாடுவதைக் க்ளோவர் கடுமையாகவே மறுக்கிறார்.

பாத்திரத்துக்குள்ளேயே மாற்றம் இருக்கிறது. 1974இல் ‘டெக்ஸஸ் செயின் ஸா மாஸகர்’ நாயகி சாலி எதிர்த்துக் கொல்வதில்லை, ஒரு பிக்கப் வண்டியின் பின்னால் ஏறித் தப்புகிறாள். 1978இல் ‘ஹாலோவீன்’ நாயகி லாரி (Laurie) பின்னல் ஊசியாலும் துணி மாட்டும் கம்பியாலும் கத்தியாலும் சண்டையிடுகிறாள், ஆனால் கடைசியில் துப்பாக்கியோடு வந்து காப்பாற்றுவது ஒரு மருத்துவர். 1986இல் வந்த செயின் ஸா இரண்டாம் பாகத்தில் நாயகியே முடித்துவைக்கிறாள். ‘ஃபைனல் கேர்ள்’ என்று ஒரே சொல்லில் மூவரையும் அடக்கினால் இந்த நகர்வு காணாமல் போகும்.

இன்னொரு தவறு: கேமரா கொலைகாரன் கண்ணால் பார்த்தால் நாம் கொலைகாரனோடு சேர்ந்துவிட்டோம் என்று எழுதுவது. ‘ஹாலோவீன்’ தொடக்கத்தில் முகமூடித் துளைகள் வழியாக நீளமாகப் பார்க்கிறோம். பிறகு முகமூடி கழன்றால் ஆறு வயதுப் பையன்! அதுவரை யாரோடு சேர்ந்திருந்தோம்? ‘ஜாஸ்’ (1975) படத்தில் சுறாவின் பார்வையிலும்தான் கேமரா வருகிறது. பார்வைக்கோணம் பல சமயம் தகவலை மறைக்கப் பயன்படும் கருவி.

க்ளோவருக்கு வலுவான எதிர்வாதம் வணிகப் பக்கத்திலிருந்து வந்தது. ரிச்சர்ட் நோவெல் 2011இல் வெளியிட்ட நூலில் தயாரிப்பு, விநியோகம், விளம்பரம் ஆகியவற்றை ஆராய்ந்து, இந்தப் படங்கள் இளம்பெண்களையும் குறிவைத்தே தயாரிக்கப்பட்டன, விற்கப்பட்டன என்று காட்டினார். பார்வையாளர் யார் என்ற ஊகம் மாறினால் க்ளோவரின் கட்டடத்தில் ஒரு தூண் ஆடும். வகுப்பில் இரண்டையும் சேர்த்தே பாடமாக வைப்பது நல்லது.

பேய் இல்லை என்று தெரிந்தே பயப்படுகிறோம், பணம் கொடுத்தும் பயப்படுகிறோம். இதற்கு விளக்கம் உண்டா?
வாசகர், புதுச்சேரி

நோயல் காரல் என்ற மெய்யியலாளர் 1990இல் ஒரு விடை சொன்னார். திகில் கதையின் அரக்கன் ஆபத்தானது மட்டுமல்ல, ‘தீட்டானது’. உயிரும் பிணமும் கலந்தது, மனிதனும் விலங்கும் கலந்தது, எந்த வகையிலும் அடங்காதது. அதனால் அருவருப்பு வருகிறது, அதனாலேயே அது என்ன என்று தெரிந்துகொள்ளும் ஆவலும் வருகிறது. அந்த ஆவலுக்காக அருவருப்பைப் பொறுத்துக்கொள்கிறோம்.

அழகான விடை, ஆனால் விலை அதிகம். கத்தியோடு வரும் மனிதக் கொலைகாரன் இந்த வரையறைக்குள் சரியாக அடங்க மாட்டான். ‘சைக்கோ’வே ஓரத்துக்குப் போய்விடுகிறது. லிண்டா வில்லியம்ஸ் 1991இல் எழுதிய கட்டுரை வேறு பக்கம் போனது: திகில், அழுகைப் படம், ஆபாசப் படம் மூன்றும் திரையில் ஓர் உடல் அனுபவிப்பதை, பார்ப்பவர் உடலிலும் கிளப்பும் வகைகள். நடுக்கம், கண்ணீர், கிளர்ச்சி. நமக்கு இது காரலைவிடப் பயன்படும். தியேட்டரில் முதலில் துள்ளுவது உடல்தான், ஆவல் பிறகுதான் வருகிறது.

ஜப்பானியப் படங்களில் முகத்தை மறைக்கும் கூந்தலும் வெள்ளை உடையுமாகப் பேய் வருகிறதே. ‘ரிங்கு’ தொழில்நுட்ப பயம் பற்றிய படம் என்று எழுதலாமா?
ஆய்வு மாணவர், சென்னை

எழுதலாம், ஆனால் பாதிதான் எழுதியிருப்பீர்கள். ஹிதேயோ நகாதாவின் ‘ரிங்கு’ 1998 ஜனவரியில் வெளியானது. சபிக்கப்பட்ட ஒரு வீடியோ நாடாவைப் பார்த்தவர் ஏழு நாளில் சாகிறார், பிரதி எடுத்து இன்னொருவருக்குக் காட்டினால் தப்பலாம். நாடா, தொலைபேசி, தொலைக்காட்சி எல்லாம் இருப்பதால் தொழில்நுட்ப வாசிப்பு உடனே கைக்கு வருகிறது.

ஆனால் நாடாவிலிருந்து வெளியே வருவது எது? வெள்ளைச் சாவு உடை, அவிழ்ந்த கூந்தல். 1825இல் எடோவில் (இன்றைய டோக்கியோ) மேடையேறிய கபுகி நாடகத்தில் ஓஇவா என்ற மனைவிக்கு முகத்தைச் சிதைக்கும் விஷம் தருகிறார்கள். தலை வாரும்போது கூந்தல் கொத்துக் கொத்தாக வந்துவிடுகிறது. அவள் ஆவியாகத் திரும்பி வருகிறாள். கிணறும் புதிதல்ல. தட்டு ஒன்றைத் தொலைத்ததாகப் பழி சுமத்தப்பட்டுக் கிணற்றில் வீசப்பட்ட பணிப்பெண் ஓகிகு, இரவில் ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணிக்கொண்டிருப்பாள். ஹிமேஜி கோட்டையில் இன்றும் அவள் பெயரில் கிணறு காட்டுகிறார்கள்.

இவற்றைவிட ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. படத்தில் அந்தப் பேயான சதாகோவின் தாய் ஷிசுகோ, பத்திரிகையாளர் முன் தன் அதீத ஆற்றலைக் காட்டும்போது மோசடிக்காரி என்று தூற்றப்படுகிறாள். இது கற்பனை மட்டும் அல்ல. டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழக உளவியலாளர் ஃபுகுராய் டொமொகிச்சி 1910இல் மிஃபுனே சிசுகோ என்ற பெண்ணின் ஞானதிருஷ்டியைச் சோதித்தார். பத்திரிகைகள் சந்தேகம் கிளப்பின. 1911 தொடக்கத்தில் சிசுகோ விஷம் அருந்தி இறந்தார். ஃபுகுராய் சோதித்த இன்னொரு பெண்ணின் பெயர் தக்காஹாஷி சதாகோ. ஆக அந்த நாடாவுக்குப் பின்னால், ஒரு பெண்ணை மேடையேற்றி நிரூபிக்கச் சொல்லிப் பின் கைவிட்ட அறிவியலும் பத்திரிகையும் இருக்கின்றன. தொழில்நுட்பம் பயமுறுத்துகிறது என்பதைவிட இது கூர்மையான வாதம்.

2002இல் வந்த அமெரிக்க ரீமேக்கில் இந்த வரலாறு உதிர்ந்துவிடுகிறது. ஓஷிமா தீவின் மிஹாரா எரிமலைக்குப் பதில் குதிரைப் பண்ணை, பொதுமேடைக்குப் பதில் மனநல மருத்துவமனை. பழி சமூகத்திலிருந்து ஒரு குடும்பத்துக்குள் நகர்ந்துவிட்டது. சுசூகி கோஜியின் 1991 நாவலில் துப்பறிபவர் ஆண், ஜப்பானியப் படம் அவரை மணவிலக்கான தாயாக்கியது, அமெரிக்கப் படமும் தாயையே வைத்துக்கொண்டது. நாவல், முதல் படம், ரீமேக் மூன்றையும் ஒரே அட்டவணையில் வைத்தால்தான் எந்த மாற்றம் யாருடையது என்று தெரியும்.

சதாகோவின் நடை பற்றிக் கேட்டவர்களுக்கு: நடிகையைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படமெடுத்து, அதைப் பின்னிருந்து முன்னாக ஓட்டினார்கள். மூட்டுகள் மனித மூட்டுகளாகவே இருக்கின்றன, எடை விழும் வரிசை மட்டும் தவறுகிறது. அதனால்தான் ஏன் என்று தெரியாமல் உடல் கூசுகிறது.

இந்த மேற்கத்தியக் கோட்பாடுகள் நம் பேய்ப்படங்களுக்குப் பொருந்துமா? நம்மூரில் பாதி நேரம் சிரிப்பல்லவா வருகிறது?
இக்கேள்வியைப் பலர் அனுப்பியிருந்தார்கள்.

பொருந்தாத இடம்தான் சுவையான இடம். இரண்டு உதாரணம் சொல்கிறோம்.

முதலாவது ‘சந்திரமுகி’ (2005). மூலம் ஃபாசிலின் மலையாளப் படம் ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993). பூட்டிய அறை, கொல்லப்பட்ட நடனக்காரி, அவளாகவே மாறும் மனைவி, மனநல மருத்துவர். வுட்டின் கேள்விகளை வைத்தால் விடை சுலபமாக வந்துவிடும்: இயல்பு என்பது குடும்பம், அரக்கன் என்பது மனைவிக்குள் அமுங்கிய ஆசை. ஆனால் மலையாளத்தில் அந்த நடனக்காரி நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து வந்த தமிழ்ப்பெண். அவள் பிடித்ததும் மனைவி தமிழில் பேசுகிறாள். தமிழுக்கு வந்ததும் அவள் தெலுங்கு பேசும் விஜயநகரத்துக்காரி. இந்தியில் (2007) வங்காளி. மொழிதோறும் பேய் பக்கத்து மொழிக்காரியாகவே இருக்கிறாள்! நாயகன் வீட்டு மொழியில் பேய் பேசுவதில்லை. ஃப்ராய்டையும் வுட்டையும் மட்டும் கையில் வைத்திருந்தால் இந்த இடம் கண்ணில் படாது. ஆடல் மகளிரைத் தஞ்சாவூரிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் அரண்மனைகளுக்குக் கொண்டுவந்த வரலாற்றையும், அந்தப் பெண்களுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதையும் படிக்க வேண்டியிருக்கும்.

இதில் விழும் பிழை ஒன்று. மருத்துவராக வரும் நாயகனே பழைய கொடுங்கோல் அரசனாகவும் நடிப்பதைக் காட்டி, ‘ரஜினி என்ற நட்சத்திரத்துக்காகச் செய்த மாற்றம்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘சந்திரமுகி’ இயக்குநர் பி.வாசு இந்தக் கதையை முதலில் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’ (2004) என்று எடுத்தார். அங்கேயே நாயகன் விஷ்ணுவர்தன் இரண்டு வேடத்திலும் வருகிறார், தெலுங்குப் பாட்டும் அங்கேயே இருக்கிறது. நடுவில் இருக்கும் கன்னடப் படத்தைப் பார்க்காமல் மலையாளத்தையும் தமிழையும் நேராக ஒப்பிட்டால் இப்படித்தான் தவறான இடத்தில் தவறான காரணம் வந்து உட்காரும்.

தீர்வையும் கவனியுங்கள். நோய் என்று பெயர் வைப்பது மருத்துவம். ஆனால் குணப்படுத்துவது பொம்மையை எதிரியாக நம்பவைத்துப் பழிதீர்க்கச் செய்யும் சடங்கு. பகுத்தறிவா மூடநம்பிக்கையா என்று ஒரு பக்கம் சாய்த்து எழுதும் கட்டுரைகள் படத்தின் இந்தக் கெட்டிக்காரத்தனத்தைத் தவறவிடுகின்றன. இரண்டு தரப்பு ரசிகர்களையும் அது ஒரே டிக்கெட்டில் திருப்திப்படுத்துகிறது.

இரண்டாவது ‘காஞ்சனா’ (2011). ஆவி புகும் படங்களைப் பற்றிக் க்ளோவரின் நூலில் ஓர் அத்தியாயம் உண்டு. ‘எக்ஸார்சிஸ்ட்’ (1973) போன்ற படங்களில் பெண்ணுடல் திறந்து கிடக்கிறது, ஆனால் உண்மையில் நடப்பது ஓர் ஆணின் மனநெருக்கடி. சிறுமி ரீகனின் உடலில் பேய், கதையோ நம்பிக்கை தளர்ந்த பாதிரியார் காரஸுடையது என்கிறார். ‘காஞ்சனா’வில் இது தலைகீழ். புகப்படுவது ஆணுடல், புகுவது நிலத்துக்காகக் கொல்லப்பட்ட திருநங்கை. இருட்டைக் கண்டாலே அம்மாவின் இடுப்பில் ஏறும் நாயகனின் பயம் முதல் பாதியில் சிரிப்பு. அந்தப் பயந்த உடலே பிற்பாதியில் நீதி கேட்கும் உடலாகிறது. சிரிப்பு இங்கே திகிலைக் கலைக்கவில்லை, ஆணுடலைத் திறந்துவைக்கும் வேலையைச் செய்கிறது. நகைச்சுவைக் காட்சிகளை ‘வணிகக் கலப்பு’ என்று ஒதுக்கிவிட்டு மீதியை மட்டும் ஆராய்ந்தால் இது கிடைக்காது.

‘நம் கிராமத்துப் பேய் நம்பிக்கையின் பிரதிபலிப்பு’ என்று எழுதுவதற்கு முன்னும் ஒரு நூலைப் படித்துவிடுங்கள். இசபெல் நபோகோவ் தென்னார்க்காடு பகுதியில் பேயோட்டும் சடங்குகளைப் பார்த்து 2000இல் வெளியிட்ட ஆய்வு. அங்கே பேய் பிடிப்பது பெரும்பாலும் புதிதாக மணமான பெண்களை. பிடிக்கும் பேயோ பெரும்பாலும் அகாலமாக இறந்த இளைஞன். அவளை விரும்பி வந்தவன். பேரைச் சொல்லவைத்து, உச்சிமுடியை எடுத்துப் புளியமரத்தில் ஆணியடித்து அவனை அங்கே நிறுத்துகிறார்கள். சினிமாவில் அநியாயமாகச் செத்த பெண் பழிவாங்க வருகிறாள். சடங்கில் ஆசை தீராத ஆண் வருகிறான். இரண்டும் ஒன்றல்ல. நம் சினிமாப் பேய்க்கு நெருங்கிய உறவு, கொலையுண்டவர்களைத் தெய்வமாக்கி வில்லுப்பாட்டில் கதை பாடும் தென்மாவட்ட மரபில் இருக்கலாம். அதை யாராவது படக்காட்சிகளோடு வைத்து விரிவாக எழுதினால் நன்றாக இருக்கும்.

‘உயர்தரத் திகில்’ என்று இப்போது ஒரு வகை சொல்கிறார்களே?
திரைப்படச் சங்க உறுப்பினர், திருச்சி

விமர்சகர்களும் விளம்பரக்காரர்களும் சேர்ந்து கட்டிய பெயர். ஆய்வு வகையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். திகில் படம் இதற்கு முன் யோசித்ததே இல்லை என்று அது மறைமுகமாகச் சொல்கிறது. ஜோர்டன் பீலின் ‘கெட் அவுட்’ (2017) அந்தப் பட்டியலில் எப்போதும் வரும். அதன் முடிவில் சைரன் விளக்கு தெரிந்ததும் அரங்கமே மூச்சை அடக்குகிறது, ஏனென்றால் போலீஸ் வந்தால் கறுப்பின நாயகனுக்கு என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். காரிலிருந்து இறங்குவது அவன் நண்பன். நாயகன் கைதாகும் இன்னொரு முடிவையும் எடுத்துவைத்திருந்தார்கள். இதை 1968இல் பென் சுடப்பட்ட காலையோடு சேர்த்துப் பாருங்கள். ராபின் மீன்ஸ் கோல்மன் 2011இல் எழுதிய வரலாறு இதற்கு நல்ல துணை. கறுப்பினத்தவர் தோன்றும் திகில் படம் வேறு, கறுப்பினத்தவர் அனுபவத்திலிருந்து எழும் திகில் படம் வேறு என்று அவர் பிரிப்பது உங்களுக்கு உடனே பயன்படும்.

இணையத்தில் கிடைக்கும் பிரதியை வைத்து ஆய்வு செய்யலாமா?
பலர்

எந்தப் பிரதி என்று ஆய்வேட்டில் எழுதுவதாக இருந்தால் செய்யலாம். ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ வெளியீட்டுக்கு முன் தலைப்பு மாற்றியபோது, பழைய தலைப்போடு இருந்த காப்புரிமை அறிவிப்பு விட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி படம் பொதுவுடைமையாகிவிட்டது. அதனால் யார் வேண்டுமானாலும் பிரதி போடலாம், போட்டும் இருக்கிறார்கள். மங்கிப்போனவை, வண்ணம் பூசியவை, 1999இல் புதிய காட்சிகள் சேர்த்தது என்று பல. ஒளியையும் நிழலையும் பற்றி எழுதப் போகிறீர்கள் என்றால் மூல நெகட்டிவிலிருந்து நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் மீட்டெடுத்து 2016இல் காட்டிய பிரதியைத் தேடுங்கள்.

பார்வையாளர் வரலாறு எழுதுபவர்களுக்குத் தணிக்கைத் தேதியும் முக்கியம். ‘டெக்ஸஸ் செயின் ஸா’வுக்குப் பிரிட்டிஷ் தணிக்கை வாரியம் 1975இல் சான்று மறுத்தது, வெட்டில்லாமல் அனுமதித்தது 1999இல்தான். ‘எக்ஸார்சிஸ்ட்’ அங்கே தியேட்டரில் ஓடியது, ஆனால் 1984ஆம் ஆண்டு வீடியோச் சட்டத்துக்குப் பின் சான்று பெற்ற வீடியோவாக வர அதுவும் 1999 ஆயிற்று. 1980களின் பிரிட்டிஷ் ரசிகர்கள் இந்தப் படங்களைப் பார்த்தார்கள் என்று எழுதினால், எந்த நாடாவில், எத்தனையாவது பிரதியில் என்ற கேள்விக்கு அடுத்த வரியிலேயே பதில் இருக்க வேண்டும். இந்தியப் படமானால் தியேட்டரில் வந்ததா, தொலைக்காட்சிக்காக வெட்டியதா, ஓடிடியில் வந்ததா என்று குறித்து, ஓடும் நேரத்தை வினாடி வரை எழுதிவையுங்கள்.